லேசான லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுக் கனமானதை வாங்கலாமா?

இரண்டு கேமராவில் எடுத்த 42 நிமிட நேர்காணல். எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தியதும் முதல் மூன்று நிமிடம் மளமளவென்று நகர்ந்தது. அப்புறம் தயங்கியது. அப்புறம் ஊர்ந்தது. என் லேப்டாப்பின் எடை 1.1 கிலோ, ஒரு கையால் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடலாம். அன்றைக்கு அதன் விசைப்பலகையின் மேல் வரிசையில் விரல் வைக்க முடியாத சூடு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். தொடக்கத்தில் 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய பிராசஸர் 1.6-க்கு இறங்கி அங்கேயே நின்றிருந்தது. வேலை முடிய 1 மணி 50 நிமிடம் ஆனது.

கனமான லேப்டாப்புக்கு மாறுவதைப் பற்றி அன்றிரவுதான் உண்மையாக யோசிக்கத் தொடங்கினேன். ஐந்து வருடமாகத் தோளில் இருப்பதே தெரியாமல் என்னோடு வந்த லேப்டாப். சட்டென்று கொடுத்துவிட மனசு வரவில்லை. அதனால் இரண்டு காரியம் செய்தேன். இரண்டு வாரம், எங்கே, எதற்காக, எவ்வளவு நேரம் கணினிக்காகக் காத்திருக்கிறேன் என்று நோட்டில் குறித்தேன். அதன் பிறகு, கூட வேலை செய்யும் நண்பரிடம் 2.4 கிலோ லேப்டாப் ஒன்றைப் பத்து நாள் இரவல் வாங்கி, அதே வேலைகளை அதில் செய்தேன்.

இந்த முடிவை எடையையும் வேகத்தையும் தராசில் வைத்து எடுக்கக் கூடாது என்பது அந்த நோட்டிலிருந்துதான் புரிந்தது. எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம், அந்தக் காத்திருப்பு எந்த இடத்தில் நடக்கிறது, இந்த இரண்டும்தான் முக்கியம்.

முதல் அரை நிமிடத்தில் இரண்டும் ஒன்றுதான்

கனமான லேப்டாப்பில் கூடுதலாக இருக்கும் எடை எங்கே போகிறது? ஒரு நல்ல பங்கு செம்பு வெப்பக்குழாய், அலுமினியத் தகடு, பெரிய ஃபேன், பெரிய பேட்டரி. அதாவது, கூடுதல் எடையில் கணிசமான பகுதிக்கு வேலையே சூட்டை வெளியேற்றுவதுதான்.

இன்டெல் பல தலைமுறைகளாக மெல்லிய லேப்டாப்புகளுக்கென்று வைத்திருந்த யு வரிசை பிராசஸர்களின் அடிப்படை மின் அளவு 15 வாட். கனமானவற்றுக்கான எச் வரிசைக்கு 45 வாட். ஆனால் 15 வாட் என்று எழுதியிருந்தாலும், தேவைப்படும்போது சிறிது நேரத்துக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு மின்சாரத்தை இழுத்து வேகமாக ஓட அதற்கு அனுமதி உண்டு. சூடு நிறையும்வரை அந்த ஓட்டம். நிறைந்ததும் அடங்கிவிடும். அதனால்தான் ஒரு ஆப்பைத் திறப்பது, ஒரு பக்கத்தை ஏற்றுவது, ஒரு புகைப்படத்தைத் திருத்துவது போன்ற சின்னச் சின்ன வேலைகளில், ஒரே தலைமுறையைச் சேர்ந்த லேசான லேப்டாப்புக்கும் கனமான லேப்டாப்புக்கும் வித்தியாசமே தெரிவதில்லை.

இதற்கு ஒரு நல்ல சாட்சி 2020 நவம்பரில் வந்தது. ஆப்பிள் ஒரே எம்1 சிப்பை மேக்புக் ஏரிலும் 13 அங்குல மேக்புக் புரோவிலும் வைத்தது. ஏரில் ஃபேன் கிடையாது, எடை 1.29 கிலோ. புரோவில் ஃபேன் உண்டு, எடை 1.4 கிலோ. சிறிய வேலைகளில் இரண்டும் தோளோடு தோள் நின்றன. பல நிமிடம் நீளும் வேலையில் ஏர் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொண்டது. புரோ தன் வேகத்திலேயே போனது. சிப் ஒன்றுதான். வித்தியாசம் ஃபேனில்.

ஆகவே எழுதுவது, அஞ்சல், விரிதாள், வீடியோ அழைப்பு, இணையம் என்று நாள் முழுக்கச் சின்ன வேலையாக வந்துபோகிறவர்களுக்குக் கனமான லேப்டாப் அநேகமாக எதையும் தராது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "பவர்ஃபுல்லாக ஒன்று வாங்கிவிடுவோம், பின்னால் உதவும்" என்று வாங்கி, தினமும் மூன்று கிலோ சுமந்து, அதில் வேர்டு ஃபைல் மட்டும் திறக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீடியோ, முப்பரிமாண ரெண்டர், பெரிய மென்பொருளை கம்பைல் செய்வது, எந்திரக் கற்றல், நூற்றுக்கணக்கான ரா (கேமரா பதப்படுத்தாமல் தரும்) புகைப்படங்களை மொத்தமாக மாற்றுவது, விளையாட்டு: இவைதான் பத்து நிமிடத்தைத் தாண்டி நீடிக்கும் வேலைகள். நண்பரின் லேப்டாப்பில் என் 42 நிமிட நேர்காணல் 24 நிமிடத்தில் எக்ஸ்போர்ட் ஆனது.

கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

அந்த 24 நிமிடத்தைக் கண்டதும் அன்றே வாங்கிவிடத் தோன்றியது உண்மை. ஆனால் என் தொல்லைகளில் பாதிக்கு வேறு மருந்து இருந்தது.

முதலில் ரேம். வேலை நடுவில் எல்லாமே சில நொடி உறைந்து நின்றால், அது பிராசஸரின் குறையாக இல்லாமல் ரேம் போதாததாக இருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நின்று, கூடவே டிஸ்க்கும் ஓயாமல் ஓடினால், சந்தேகமே வேண்டாம். லேசான லேப்டாப்புகளில் பெரும்பாலும் ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். பின்னால் கூட்ட வழியில்லை. கனமானவற்றில் இரண்டு ரேம் ஸ்லாட்டும் இரண்டு எஸ்எஸ்டி ஸ்லாட்டும் இருப்பது சகஜம். ஐந்தாறு வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு இது பெரிய லாபம். ஆனால் கனமாக இருந்தாலே ஸ்லாட் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தூசி. என் லேப்டாப்பின் அடித்தட்டைக் கழற்றினால், ஃபேனுக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவே கம்பளி விரித்ததுபோல் ஒரு படலம். அதை எடுத்து, வெப்பப் பசையைப் புதிதாகத் தடவி, பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தேன். 1.6-இல் நின்ற வேகம் 2.1-க்கு வந்தது. நண்பரின் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வராது, ஆனாலும் காசு செலவில்லாமல் வந்த வேகம்.

வீடியோ வேலைக்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று. கேமராவிலிருந்து வரும் 4கே ஃபைலை அப்படியே தொகுக்காமல், சிறிய பிராக்சி ஃபைலாக மாற்றி வைத்துத் தொகுத்தால் லேசான லேப்டாப்பே தாராளமாகச் சமாளிக்கும். கடைசி எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும் அசல் ஃபைல் வந்தால் போதும். அப்புறம், உங்கள் கேமரா என்ன வகையில் பதிகிறது என்று பாருங்கள். பல புதிய கேமராக்கள் எச்.265, 10 பிட், 4:2:2 என்ற வகையில் பதிகின்றன. இந்த வகையை, இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல் பிராசஸருக்குள்ளேயே வரும் உள் கிராஃபிக்ஸ் நேரடியாக விரித்து (டிகோட் செய்து) காட்டும். ஆப்பிளின் எம் வரிசையும் விரிக்கும். என்விடியாவிலோ 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இந்த வசதி வந்தது. அதாவது, கொழுத்த கிராஃபிக்ஸ் கார்டோடு வரும் கனமான லேப்டாப், உள் கிராஃபிக்ஸின் துணை இல்லாவிட்டால், டைம்லைனில் உங்கள் பழைய லேசான லேப்டாப்பைவிட அதிகமாகத் திக்கித் திணறலாம். வாங்குவதற்கு முன் உங்கள் கேமரா ஃபைல் ஒன்றை அதில் ஓட்டிப் பாருங்கள்.

தோளில் விழும் கணக்கு

1.1 கிலோவுக்கும் 2.4 கிலோவுக்கும் வித்தியாசம் 1.3 கிலோ என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுகிறோம். சார்ஜரை மறந்துவிடுகிறோம். என் பழைய 65 வாட் சார்ஜர் சட்டைப் பையில் போகும். கேபிளோடு சேர்த்து 200 கிராம்கூட இருக்காது. இரவல் லேப்டாப்பின் சார்ஜர் ஒரு செங்கல். அது மட்டுமே 800 கிராம். ஆக, சார்ஜரோடு சேர்த்துப் பழைய 1.3 கிலோவுக்குப் பதில் இப்போது 3.2 கிலோ. தோளில் கூடுவது கிட்டத்தட்ட 2 கிலோ.

முதல் நாள் அந்த 2 கிலோ பொருட்டாகவே தெரியவில்லை. மூன்றாம் நாள், ஒரு கையில் கேமரா ஸ்டாண்டோடு மூன்று மாடி ஏறியபோது தெரிந்தது. ஒற்றைப் பட்டைப் பை தோள் எலும்பில் கோடு போட்டுவிட்டது. மறுநாளே இரண்டு பட்டை முதுகுப் பைக்கு மாறினேன்; பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. கனமான லேப்டாப் வாங்குபவர் நல்ல முதுகுப் பையையும் சேர்த்தே கணக்கில் வைக்க வேண்டும். நடந்தும் பேருந்திலும் போய்வருபவருக்கும் வண்டியில் போய் இறங்குபவருக்கும் இந்த 2 கிலோ ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சார்ஜர் விஷயத்தில் ஒரு விடிவு வந்திருக்கிறது. யூஎஸ்பி-சி வழியாக மின்சாரம் தரும் 'பிடி' (பவர் டெலிவரி) முறை முன்பு 100 வாட்டோடு நின்றது. 2021-இல் அதை 240 வாட் வரை உயர்த்தினார்கள். கனமான லேப்டாப்புகள் பலவும் இப்போது தங்கள் செங்கலோடு யூஎஸ்பி-சியையும் ஏற்கின்றன. 100 வாட் சின்ன சார்ஜரில் முழு வேகம் வராது. ஆனால் எழுத, ஃபைல் நகலெடுக்க, லேசாகத் தொகுக்கப் போதும். இந்த வசதி இல்லாத கனமான லேப்டாப்பை, வெளியே எடுத்துப் போகும் யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பேட்டரி பெரிது, ஆனால் நேரம் குறைவு

விமானத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடிய லித்தியம்-அயன் பேட்டரிக்கு 100 வாட்-மணி என்ற வரம்பு இருக்கிறது. பெரிய லேப்டாப்புகளில் 99 சொச்சத்தோடு பேட்டரி நின்றுவிடுவது அதனால்தான். எவ்வளவு எடை கூடினாலும் பேட்டரி அதற்குமேல் வளராது. மின்சாரத் தேவையோ வளர்ந்துகொண்டே போகும்.

கணக்கு எளிது. 54 வாட்-மணி பேட்டரி உள்ள லேசான லேப்டாப், எழுதும்போது 6 வாட் இழுத்தால் 9 மணி நேரம். 90 வாட்-மணி உள்ள கனமான லேப்டாப் அதே வேலைக்கு 18 வாட் இழுத்தால் 5 மணி நேரம். தனி கிராஃபிக்ஸ் கார்டு தூங்காமல் விழித்திருந்தால் அதுவும் இல்லை. முழு வேகத்தில் 100 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம்கூட நிற்காது.

இன்னொரு விஷயம், பலரும் வாங்கிய பிறகே தெரிந்துகொள்வது. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் லேப்டாப்புகள் பெரும்பாலும், சுவரிலிருந்து செருகியை எடுத்ததும் வேகத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொள்கின்றன. அவ்வளவு மின்சாரத்தைப் பேட்டரியால் ஒரே நேரத்தில் தர முடியாது. ஆப்பிளின் எம் வரிசை லேப்டாப்புகள் பேட்டரியிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடுகின்றன. செருகி கிடைக்காத இடத்தில் கனமான வேலை செய்பவர் இதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சத்தம்

நான் நேர்காணல் பதிகிறவன். அறையில் மைக் இருக்கும்போது பக்கத்தில் லேப்டாப் ஃபேன் இரைந்தால் வேலை கெட்டது. பழைய லேப்டாப் மேசையில் இருப்பதை மைக் கவனித்ததே இல்லை. இரவல் லேப்டாப், மெமரி கார்டை நகலெடுக்கும்போதுகூட எப்போதாவது திடீரென்று மூச்சு விட்டது. அது ஒரு பெரியவர் பேச்சின் நடுவே பதிவாகிவிட்டது. அந்த நான்கு நொடியைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் பிடித்தது. பிறகு 'சைலன்ட்' நிலையில் வைத்தே பதிவுக்கு உட்கார்ந்தேன்; தொல்லை தீர்ந்தது. நூலகம், வகுப்பறை, தூங்கும் குழந்தை பக்கத்தில் என்று வேலை செய்பவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கனமானதை வாங்கினால் வேகமானது கிடைத்துவிடும் என்பதும் நிச்சயமில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற லேப்டாப் கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் அதற்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெட்டியில் பெயர் ஒன்றுதான். 115 வாட் பெற்றது ஓடுகிற ஓட்டம் 35 வாட் பெற்றதற்கு எட்டாது. விவரப் பட்டியலில் டிஜிபி (கார்டுக்குக் கிடைக்கும் மொத்த மின் அளவு) என்று ஒரு வாட் எண் இருக்கும். அதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

எடை கூடாமல் பெரிதாவதும் உண்டு. எல்ஜி கிராம் வரிசையில் 17 அங்குலத் திரையோடு சுமார் 1.35 கிலோ லேப்டாப் இருக்கிறது. உங்கள் குறை வேகத்தில் இல்லை, திரை சின்னது என்பதுதான் என்றால் அங்கேயே நின்றுவிடலாம். பெரிய திரையின் அருமையை நான் முன்பு குறைத்தே எண்ணியிருந்தேன். 16 அங்குலத்தில் டைம்லைனும் இரண்டு கேமராப் படமும் எழுத்துப் பிரதியும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் இருந்தன. ஜன்னல்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கவில்லை.

நடுவில் இருக்கும் வழிகள்

ஒரு கிலோவுக்கும் இரண்டரைக் கிலோவுக்கும் நடுவே இப்போது நல்ல கூட்டம் இருக்கிறது. 14 அங்குல மேக்புக் புரோ 1.6 கிலோ அளவில். அசூஸ் செஃபிரஸ் ஜி14-இன் 2024 மாடல் 1.5 கிலோ, அதற்குள் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கிறது. தினமும் சுமந்து, வாரத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் நீண்ட வேலை செய்பவருக்கு இதுதான் என் முதல் யோசனை. விட்டுக்கொடுப்பது என்ன? அந்த ஜி14-இல் ரேம் சால்டர் செய்யப்பட்டது. சின்ன உடலில் சூடு சீக்கிரம் நிறையும், ஃபேன் சீக்கிரம் இரையும். பெரியவற்றின் முழு வேகம் வராது, முக்கால்வாசி வரும்.

லேசானதை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு டெஸ்க்டாப் போட்டுவிடுவது இன்னொரு வழி. பலருக்கு இதுவே சரி என்று நினைக்கிறேன். அதே பணத்துக்கு டெஸ்க்டாப் பெரும்பாலும் கூடுதல் வேகம் தரும், சூடு பெரிய பிரச்சினை இல்லை, பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். இணைய வேகம் நன்றாக இருந்தால் வெளியிலிருந்தே அதை இயக்கவும் முடியும். உங்கள் காத்திருப்பெல்லாம் ஒரே மேசையில் நடக்கிறது என்றால் கனமான லேப்டாப்பை வாங்கவே வேண்டாம். அது அந்த மேசையை விட்டு நகராது.

லேசான லேப்டாப்போடு வெளியே தனி கிராஃபிக்ஸ் பெட்டியை இணைக்கும் முறையும் உண்டு. ஆனால் இரண்டையும் இணைக்கும் தண்டர்போல்ட் கேபிளின் வேக வரம்பு கார்டின் வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எம் வரிசை லேப்டாப்புகளில் ஆப்பிள் இந்த வசதியைத் தரவில்லை. விளையாட்டுக்கு வேண்டுமானால் சிலர் பார்க்கலாம். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

என் நோட்டில் இருந்தது

இரண்டு வாரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்தவை மொத்தம் 23. அதில் 7 மட்டும்தான் வீட்டில். மீதி 16-உம் வெளியே: படப்பிடிப்பு முடிந்து, பேசியவரின் வீட்டிலேயே உட்கார்ந்து கார்டை நகலெடுத்து, ஒலியைச் சேர்த்து, ஒரு முன்னோட்டம் எடுத்துக் காட்டும் நேரங்கள். இந்த எண்ணிக்கை தலைகீழாக இருந்திருந்தால் நான் டெஸ்க்டாப்பைத்தான் வாங்கியிருப்பேன். 14 அங்குலத்தையும் ஒரு வாரம் மனசில் வைத்துப் பார்த்தேன். திரையை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

கடைசியில் 2.1 கிலோவில் 16 அங்குல லேப்டாப் ஒன்றை எடுத்தேன். 2.4 கிலோவாக வேண்டாம் என்று முடிவு செய்ய அந்த மூன்று மாடி போதுமானதாக இருந்தது. ரேம் ஸ்லாட் இருக்கிறது, யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஆகிறது. செங்கல் சார்ஜர் வீட்டு மேசைக்கு அடியில் நிரந்தரமாக. பையில் 100 வாட் சின்னது. மேசையில் செருகியே இருக்கும் நாட்களில் பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்திருக்கிறேன். வெளியே முழு நாள் பேட்டரியில் ஓட்டும் சுகம் போய்விட்டது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண் முதலில் பிளக் பாயின்ட்டைத் தேடுகிறது. அந்த இழப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போடவில்லை. அக்கா மகள் ஆய்வேடு எழுதுகிறாள்; நூலகத்தில் காலை முதல் மாலை வரை தட்டச்சு. அவளுக்கு இதைவிடப் பொருத்தமான கணினி கிடையாது. ஃபேன் சத்தமே கேட்கவில்லை மாமா என்று இரண்டாம் நாளே சொன்னாள்.

புதியதை எடுத்துக்கொண்டு போன முதல் வேலை, எண்பது வயது கடந்த ஒரு அம்மாவின் நேர்காணல். முன்பெல்லாம் முன்னோட்டத்தை வீட்டுக்குப் போய்ச் செய்து, நாலைந்து நாள் கழித்து அனுப்புவேன்; பலரால் அதைத் திறந்து பார்க்கவே முடியாது. இந்த முறை அவர் ஓய்வெடுத்து எழுவதற்குள் தயாராகிவிட்டது. பெரிய திரையைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தார். பாதியில் நிறுத்தச் சொன்னார். "தம்பி, தங்கச்சியைப் பற்றி நான் சொன்னதை மட்டும் எடுத்துடுங்க. அவ உயிரோட இல்லை." அங்கேயே வெட்டி, மறுபடி ஓட்டிக் காட்டினேன்.